யந்திர யுகமும் ஆக்கத் தொழில்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றைய விழாவிலே "யந்திர யுகமும் ஆக்கத் தொழில்களும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பொருள் பெரிது, காலமோ சிறிது. ஆகையால் உலகத்தையெல்லாம் சுற்றி வருவதற்கு முன்னர், நாம் எல்லோரும் சற்று முன் காதாற் கேட்ட ஒன்றிலிருந்தே தொடங்குவோம்.

மாலைப் பூசையின்போது மண்டபத்து மூலையில் ஒரு யந்திரம் மேளம் அடித்ததைக் கேட்டீர்கள். மோட்டார் சுழல்கிறது, ஒரு தடி மேளத்தில் விழுகிறது, இன்னொன்று சேமக்கலத்தைத் தட்டுகிறது, மணியும் கூடவே ஆடுகிறது. அடிப்பதற்கு ஆள் இல்லை. விசையை அழுத்தினால் அடிக்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். அது ஒருநாளும் பிந்தி வராது. தட்சிணை குறைந்தது என்று முகங் கோணாது. இத்தனை நல்ல குணங்களும் அதற்கு உண்டு. ஆனால், தீபம் உயர்ந்தபோது அந்த ஒலி உயர்ந்ததா? திரை விலகிய கணத்தில் அது தன் நடையை மாற்றியதா? இல்லை. சந்நிதியில் என்ன நடக்கின்றது என்பது அதற்குத் தெரியாது. முன்னர் அவ்விடத்தில் நின்று மேளம் அடித்தவருக்கோ அது தெரியும். அவருடைய மகன் இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகின்றார். மேளத்தை அவர் கற்றுக்கொள்ளவில்லை. கற்றிருந்தால் இன்று எங்கே போய் அடிப்பார்?

இச்சிறு காட்சியிலே நமது பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது. யந்திரம் வந்தது, வேலை சுலபமாயிற்று, செலவு குறைந்தது. அதே வேளையில் ஒரு வித்தை ஒரு தலைமுறையோடு நின்றுபோயிற்று. இந்த இலாபத்தையும் நட்டத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதற்கு நாம் இதுவரை முயன்றதில்லை. இன்று முயல்வோம்.

முதலிலே, ஆக்கத் தொழில் என்பது யாது? பொருளின் பெறுமதி மூலப்பொருளிலும் தசைவலியிலும் மாத்திரம் தங்காமல், ஒருவருடைய கற்பனையிலும் கைத்திறனிலும் பயிற்சியிலும் தங்கியிருக்கும் தொழில்களையே அவ்வாறு கூறுகின்றோம். நெசவு, மட்பாண்டம், ஓலைவேலை, சிற்பம், இசை, கூத்து, நூல் எழுதுதல், அச்சுக்கலை, திரைப்படம், கட்டட வடிவமைப்பு என இதன் கிளைகள் பல. 1998ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் இத்தொழில்களை ஒரே குடும்பமாகத் தொகுத்துக் கணக்கெடுத்தது. 2021ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை ஆக்கப் பொருளாதாரத்துக்குரிய ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. பெயர் புதிது, பொருள் நமக்குப் பழையது. கலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணி வைத்த முன்னோர், தச்சனையும் தட்டானையும் பாணனையும் கூத்தனையும் வெவ்வேறு உலகத்தவராகக் கருதவில்லை.

இனி நமது வன்னியைப் பாருங்கள். இது வயலும் குளமுமான நாடு. இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் வவுனிக்குளத்தையும் நம்பி வாழும் நாடு. இங்கே யந்திரம் முதலிற் புகுந்த இடம் தொழிற்சாலை அன்று, வயல். முன்னர் எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதித்தார்கள். பின்னர் அந்த வேலையை உழவு யந்திரம் செய்தது. இப்போது அரிவு வெட்டுவதையும் சூடடிப்பதையும் தூற்றுவதையும் ஒரே யந்திரம் ஒரே ஓட்டத்திற் செய்து, நெல்லைச் சாக்கிலே கொட்டிவிடுகின்றது. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகின்றது.

இதனை நாம் பழிக்கப்போவதில்லை. கொளுத்தும் வெயிலிலே நாள் முழுவதும் குனிந்து நின்று அரிவு வெட்டிய தாயின் இடுப்பு வலி நமக்குத் தெரியும். அந்த வலியை நீக்கிய யந்திரத்தை வாழ்த்துவதே நியாயம். ஆயினும் அந்த யந்திரத்தோடு கூடவே வேறொன்றும் வயலை விட்டுப் போயிற்று. அரிவு வெட்டும்போது ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் தொடரும் பாட்டுக்கள் இருந்தன. பன்றிப் பள்ளு, குருவிப் பள்ளு என்று காவலுக்கும் களைப்புக்கும் ஏற்ற பாட்டுக்கள் இருந்தன. களத்திலே பேசுவதற்கென்றே தனிச் சொற்கள் இருந்தன. 1895ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி நமது குளங்களையும் வயல்களையும் வழக்கங்களையும் எழுதி வைத்தார். 1980ஆம் ஆண்டிலே "வன்னிவள நாட்டுப் பாடல்கள்" என்ற தொகுப்பு வெளிவந்தது. இவ்வாறு சிலர் எழுதி வைத்தவை தப்பின. எழுதாதவை, வெட்டிய வயலில் ஒட்டு உழுதுபோவதுபோற் போய்விட்டன. வேலையைத்தான் யந்திரம் எடுத்தது. பாட்டை அது எடுக்கவில்லை. பாட்டை நாமே கீழே போட்டுவிட்டோம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யந்திரத்துக்கும் கலைஞனுக்கும் உள்ள வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1804ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் தேசத்திலே ஜக்கார் என்பவர் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறி ஒன்றை அமைத்தார். எந்த நூல் உயர வேண்டும், எந்த நூல் தாழ வேண்டும் என்று அட்டையிலுள்ள துளைகள் கட்டளையிடும். இந்த அட்டையைக் கண்டே பின்னர் இங்கிலாந்திலே பாபேஜ் என்பவர் கணக்கிடும் பெரும் பொறி ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். ஆகவே, நமது மேசையிலும் சட்டைப்பையிலும் இருக்கும் கணினியின் பாட்டன் ஒரு நெசவுத் தறியே. நெசவாளர் வீட்டிலே பிறந்தது இன்று எல்லார் வீட்டையும் ஆள வந்திருக்கின்றது.

1811ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்திலே பின்னல் தொழிலாளரும் நெசவாளரும் இரவிற் சென்று யந்திரங்களை உடைத்தனர். அவர்களை அறிவீனர் என்று உலகம் இன்றும் ஏளனஞ் செய்கின்றது. ஆனால் அவர்கள் யந்திரம் என்ற காரணத்துக்காக யந்திரத்தை வெறுத்தவர்கள் அல்லர். மட்டமான துணியை மலிவாக நெய்து கூலியைக் குறைத்த முதலாளிகளையே அவர்கள் எதிர்த்தனர். அடுத்த ஆண்டிலேயே, யந்திரத்தை உடைப்பவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. யந்திரம் வென்றது. உடைப்பதினால் ஒரு பயனும் இல்லை என்பதை வரலாறு காட்டியது. பேசாமல் இருந்தாலும் பயனில்லை என்பதையும் அதே வரலாறு காட்டியது.

நமது நாட்டிலே இதனை முதலில் உணர்ந்து எழுதியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். 1877இற் கொழும்பிலே, தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமி அவர்களுக்கு மைந்தராகப் பிறந்தவர். இங்கிலாந்திலே வளர்ந்து நிலவியல் கற்றவர். கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இலங்கைக்கு வந்து, கல்லைத் தேடிக் கிராமங்களிற் கால்நடையாகச் சுற்றினார். தேடியது கல், கண்டதோ கைவினைஞர். ஆலைத் துணியும் இறக்குமதிப் பொருளும் வந்து குவிய, தலைமுறை தலைமுறையாய் வந்த வித்தைகள் பட்டினியால் மடிவதை அவர் கண்டார். 1908ஆம் ஆண்டிலே மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அந்நூல் அச்சான விதத்தைக் கேளுங்கள். ஆங்கிலக் கைவினைப் பெரியார் வில்லியம் மொறிஸ் உபயோகித்த கையச்சு யந்திரத்திலேயே அதனை அச்சிடுவித்தார். விஞ்ஞானியான அவர் யந்திரத்தின் பயனை அறியாதவரா? அறிந்தவரே. யந்திரம் மனிதனுக்குக் கருவியாக இருப்பது ஒன்று. மனிதன் யந்திரத்துக்குக் கருவியாகிவிடுவது வேறொன்று. இந்த எல்லையைப் பிரித்துக் காட்டுவதற்கே தமது வாழ்நாளைச் செலவிட்டார்.

இதுவரை சொன்ன யந்திரங்கள் எல்லாம் கையின் வேலையைச் செய்தவை. நமது காலத்து யந்திரமோ மனத்தின் வேலைக்கும் வந்து நிற்கின்றது. 2022ஆம் ஆண்டளவில், சொன்னதும் படம் வரையும் கணினிச் செயலிகளும், கேட்டதும் கட்டுரையும் கவிதையும் எழுதும் செயலிகளும் பொதுமக்கள் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டிலே அமெரிக்கத் திரைப்பட எழுத்தாளர்கள் ஏறக்குறைய ஐந்து மாதம் வேலைநிறுத்தஞ் செய்தார்கள். அவர்களது கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. முடிவிலே, இச்செயலிகளைப் பாவிக்கும்படி எழுத்தாளரை வற்புறுத்தலாகாது என்று எழுத்திலே உடன்படிக்கை கண்டார்கள். செயலியை அவர்கள் தடைசெய்யவில்லை. அதனைப் பாவிப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமையைத் தமதாக்கிக்கொண்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் யந்திரத்தை உடைத்தவர்களுக்குக் கிட்டாத வெற்றி இது.

அப்படியாயின், இனிக் கலைஞன் எதற்கு என்று சில தோழர்கள் நம்மிடம் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு நாம் தரும் விடை இது. அச்செயலி தான் கண்டவற்றிலிருந்தே கற்கின்றது. உலகத்தார் எழுதியும் வரைந்தும் பதிந்தும் வைத்த கோடிக்கணக்கானவற்றைப் பார்த்துப் பழகியது அது. யாரும் பதிந்து வைக்காததை அது அறியாது. குமுளமுனையிலே யானை பிடித்த அரியாத்தையின் கதையை நம்மவர் அறிவர். ஆண்கள் அடக்க அஞ்சிய கொம்பனை ஒரு பெண் அடக்கினாள் என்பதே அக்கதை. வேலப்பணிக்கன் ஒப்பாரி என்ற பாட்டாக அது இவ்வூர்களில் வழங்கிற்று. "வன்னிப் பெண் ஒருத்தி யானை பிடிக்கும் காட்சியை வரை" என்று அந்தச் செயலியிடம் கேட்டுப் பாருங்கள். அது ஒரு படத்தைத் தரும், அழகாகவும் தரும். ஆனால் அந்தப் பெண் எந்த நாட்டுப் பெண்? அந்தக் காடு எந்த நாட்டுக் காடு? பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் நமது காட்டை அது கண்டதில்லை. நம்மைப் பற்றி நாமே சொல்லாவிட்டால், பிறர் கண்ட ஏதோ ஒன்றை எடுத்து, "இதுதான் நீ" என்று அது நம்மிடமே விற்கும். நமது பிள்ளைகளும் அதனை நம்புவர். அச்சப்பட வேண்டியது இதற்குத்தான்.

இதிலே சோற்றுப் பிரச்சினையும் உண்டு. ஆலைகளை நாம் கண்டிருக்கின்றோம். ஆனையிறவு உப்பைக் கொண்டு இயங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. போர் வந்தது, அவை நின்றன. போர் 2009இல் முடிந்தபின், செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மக்கள் ஊர் திரும்பினர். கூரையும் இல்லாமல், கருவியும் இல்லாமல், பல குடும்பங்கள் உழைக்கும் ஆண்துணையும் இல்லாமல் வந்தன. அவ்வேளையில் அவர்களோடு கூட வந்த முதல் யாது? கையிலிருந்த வித்தை ஒன்றே. குண்டு விழுந்தால் ஆலை இடியும், கைவித்தை இடியாது. ஓலை வார்ந்து பெட்டி இழைக்கத் தெரிந்த தாய், மரத்தடியில் அமர்ந்து அன்றைக்கே தொழிலைத் தொடங்கினாள்.

பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. நமது சகோதரிகள் பலருக்கு அவை மாதச் சம்பளம் கொடுக்கின்றன. அதற்கு நன்றி கூறுவோம். ஆயினும் சட்டைக்கு உருவங் கொடுப்பது எங்கோ தூர தேசத்தில்; விலை குறிப்பதும் அங்கேதான். ஒருத்தி நாள் முழுவதும் கைப்பட்டி ஒன்றையே தைக்கின்றாள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிலையே யந்திரம் முதலிலே கைப்பற்றும். அத்தகைய தொழிலை மாத்திரம் நம்பியிருக்கும் ஊர், யந்திரம் மேலும் மலிவாகும் நாளை எண்ணி அஞ்ச வேண்டிய ஊராகும்.

ஓலைப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். பனை நமது, குருத்தோலை நமது, அதை வெயிலில் உலர்த்தி, வார்ந்து, சாயமிட்டு, இழைத்து, நாரால் விளிம்பு கட்டும் கையும் நமது. பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி, சுளகு, பாய், உமல், திருகணை என்று எத்தனை வடிவங்கள்! குளத்திலே தானாக முளைக்கும் பன்னிலிருந்து பன்பாய். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு தேவைக்கென்று பல தலைமுறையினர் சிந்தித்து அமைத்த உருவம். பனைத் தொழிலை வளர்ப்பதற்கென 1978ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. இருந்தும், சந்தையிலே பிளாஸ்ரிக் கூடையே நிறைந்திருக்கின்றது. இழைக்கத் தெரிந்தவர்களுள் இளையோரைக் காண்பது அரிதாயிருக்கின்றது.

நமது அயலவர் செய்ததைப் பாருங்கள். இலங்கையின் பொம்மலாட்டம் 2018ஆம் ஆண்டிலும், கண்டிப் பகுதியின் தும்பறைப் பாய் நெசவு 2021ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. தும்பறைப் பாய் நெய்வோர் சில குடும்பத்தாரே. சிலரே செய்வது என்று அதனைக் கைவிடவில்லை. சிலரே செய்வது என்பதனாலேயே உலகறியச் செய்தனர். முல்லைத்தீவுப் பகுதிக்கே உரிய முல்லைமோடிக் கூத்தை யார் உலகறியச் செய்வது? வற்றாப்பளை அம்மன் பொங்கலோடும் கண்ணகி கதையோடும் வளர்ந்த கோவலன் கூத்து அது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், விடிய விடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அதற்குமுன் கூத்தைப் பட்டிக்காட்டு ஆட்டம் என்று இகழ்ந்த படித்தவர்கள் அதன் பின்னர் முன்வரிசையில் வந்து அமர்ந்தனர்.

இகழ்ச்சி என்ற சொல் வந்தமையால், நம் உள்ளத்தை உறுத்தும் உண்மை ஒன்றைக் கூறாமல் விட முடியாது. யந்திரம் வந்ததனால் மாத்திரம் இக்கலைகள் நலிந்தன என்பது பொய். மேளம் அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது யந்திரமா? மட்பாண்டம் வனைந்தவரையும் ஓலை இழைத்தவரையும் சாதி சொல்லித் தாழ்த்தியது யந்திரமா? கலையைப் புகழ்ந்து கலைஞனை இகழ்ந்தவர்கள் நாமே. தந்தை பட்ட அவமானத்தைக் கண்ட மகன் அந்தக் கருவியைத் தொட மறுத்தால், அவன்மீது குற்றஞ் சொல்ல யாருக்கு வாய் உண்டு? மேளத்தை விட்டு அவன் முச்சக்கர வண்டிக்குப் போனது பணத்துக்காக மாத்திரம் அன்று. வண்டியிலே ஏறுபவன் அவனை "தம்பி" என்று மரியாதையாக அழைக்கின்றான் என்பதற்காகவும் போனான். இந்த அநீதியை ஒழிக்காமல், "மரபைக் காப்போம்" என்று மேடையிலே முழங்குவது வெறும் ஆரவாரம்.

நமது சங்கமும் இதிலே சுத்தம் என்று சொல்வதற்கில்லை. சென்ற ஆண்டு விழாவுக்கு வாசலிலே கட்டியது யந்திரத்தில் அச்சிட்ட பதாகை. தோரணம் பிளாஸ்ரிக். இவ்வூரிலே குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரிந்த முதியவர்கள் அதனைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். அன்று நமக்கு வெட்கம் தோன்றவில்லை. இன்று தோன்றுகின்றது, அதுவே நல்ல தொடக்கம்.

ஆகவே செய்யத்தக்கது யாது? பெருந் திட்டங்களை அரசாங்கத்துக்கு விட்டுவிடுவோம். ஒரு வாலிபர் சங்கத்தாற் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பதிதல். உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலியையும் படத்தையும் பதியும் யந்திரம் இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவர் இருவராகச் சென்று, அண்ணாவிமாரின் பாட்டையும், பாட்டிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும், களத்துச் சொற்களையும், பெட்டி இழைக்கும் முறையையும் பதியுங்கள். யாருடைய பாட்டோ அவருடைய பெயரை அதிலே தவறாமல் எழுதுங்கள். அவர் சம்மதமின்றி ஒன்றையும் வெளியிடாதீர்கள்.

இரண்டாவது, கற்றல். பதிந்து வைத்தது பெட்டியில் உறங்கும், கற்றதே உயிரோடிருக்கும். நமது மண்டபம் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கின்றது. அங்கே மத்தளமும் ஓலைவேலையும் கற்பிக்கச் செய்வோம். எந்தச் சாதிப் பிள்ளையும் எந்தக் கலையையும் கற்கலாம் என்பதை முதல் விதியாக எழுதுவோம். கற்பிப்பவருக்குச் சம்பளம் கொடுப்போம். சால்வை போர்த்தி வெறுங்கையுடன் அனுப்பும் வழக்கத்தை விடுவோம்.

மூன்றாவது, யந்திரத்தை ஏவல் கொள்ளல். அறிவியல்நகரிலே பொறியியலும் தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றார்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலே வணிகம் படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றார்கள். ஓலையை ஒரே அளவாக வாரும் சிறு கருவியை ஒருவர் அமைக்கட்டும். இழைப்பவருக்கு விரல் வெட்டுப்படாமல் இருக்கும், வேலையும் விரையும். கடகத்தின் படத்தையும் இழைத்தவர் பெயரையும் இணையத்திலே இட்டு, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள நம்மவர் நேரே வாங்குவதற்கு இன்னொருவர் வழி செய்யட்டும். அரியாத்தையின் கதையை நமது பிள்ளைகள் நமது காட்டையே வரைந்து படநூலாக்கட்டும். இழைக்கும் கையும் கற்பனையும் நமதாக இருக்க, சுமப்பதும் அளப்பதும் அனுப்புவதும் யந்திரத்தின் வேலையாகட்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். மேள யந்திரத்தை உடைக்குமாறு நாம் சொல்லவில்லை. ஆளில்லாத நாட்களில் அது அடிக்கட்டும். ஆனால் வருகின்ற ஆண்டுத் திருவிழாப் பத்து நாட்களுக்கும் அதன் விசையை யாரும் அழுத்த வேண்டாம். முன்னர் அடித்த அப்பெரியவரின் வீட்டுக்கு நாமே சென்று, தாம்பூலம் வைத்து அழைப்போம். அவருக்குத் தகுந்த ஊதியத்தை முன்கூட்டியே பேசி, அங்கத்தவர் அனைவரும் சேர்ந்து கொடுப்போம். அவருடைய இருக்கை மண்டபத்துக்குள்ளே இருக்கட்டும். அவருக்குப் பக்கத்திலே கற்க விரும்பும் இரண்டு சிறுவர்கள் நிற்கட்டும். முடியுமானால் அவ்விருவரில் ஒருவன் முச்சக்கர வண்டிக்காரருடைய மகனாக இருக்கட்டும்.

அடுத்த ஆண்டு இம்மேடையிலே வேறொருவர் வந்து பேசுவார். தீபம் உயரும்போது மேளமும் உயர்ந்தது என்று அவர் தம் பேச்சைத் தொடங்குவாரானால், இன்று நாம் பேசியது வீண் போகவில்லை என்று கொள்வோம்.